அட்டையா, மாதிரியா, நடையா? மலை கோல்ஃப் மைதானத்தை எடைபோட மூன்று அளவுகோல்கள்

"ஊட்டி மைதானம் நல்லதா, கோடைக்கானல் நல்லதா?" மழை விட்டுக் குளிர் தொடங்கியதும் இந்தக் கேள்வி எனக்கு வர ஆரம்பித்துவிடும். குன்னூர் பக்கத்து வெலிங்டனையும் சேர்த்துக் கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் கோவையிலோ மதுரையிலோ இருப்பவர்கள். வருஷத்துக்கு ஒரு தடவைதான் மலையேற முடியும், அந்த ஒரு தடவையும் வீணாகிவிடக் கூடாது என்ற கவலை அவர்களுக்கு.

குன்னூரில் ஒரு டீக்கடையில் என் நண்பர்கள் இருவர் இதே கேள்விக்காக முக்கால் மணி நேரம் மல்லுக்கு நின்றார்கள். ஒருவர் கையில் ஸ்கோர் அட்டைகள். ஒவ்வொரு குழிக்கும் (தொடங்கும் இடத்திலிருந்து பந்து விழவேண்டிய ஓட்டைவரை உள்ள முழுத் தடமும் கோல்ஃபில் ஒரு குழி) நீளமும், அதை எத்தனை தடவை அடித்து முடிக்க வேண்டும் என்ற கணக்கான பாரும் அவற்றில் இருக்கும். "நீளத்தைப் பாருங்க, பாரைப் பாருங்க, எல்லாம் இதுலயே இருக்கு" என்றார். இன்னொருவர் ஸ்காட்லாந்து போய் ஆடிவிட்டு வந்தவர். எந்தக் குழியைப் பேசினாலும் "இது அங்கே உள்ள அந்தக் குழி மாதிரி", "இது மாதிரியே இல்லை" என்று தரம் பிரித்தார். எங்களோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், ஆட்டக்காரர்களின் பையைத் தூக்கி வழிகாட்டும் கேடியாக நாற்பது வருஷம் இருந்தவர். டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "சார், பையை வீட்ல வச்சுட்டு ஒரு தடவ சும்மா நடந்து பாருங்க. அப்புறம் பேசுவோம்."

மூன்று பேரிடமும் மூன்று அளவுகோல்கள் இருந்தன. எந்தப் படியால் அளக்கிறோம் என்று முடிவு செய்யாமல் எந்த மைதானம் பெரிது என்று பேசினால் வாதம் முடியவே முடியாது. அதனால் இங்கே நான் ஒப்பிடப்போவது அந்த மூன்று அளவுகோல்களை. எந்த மைதானம் என்ற கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

## அளவுகோலிடம் நாம் எதிர்பார்ப்பது என்ன

முதலில் மைதானங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. வெலிங்டன் ஜிம்கானா கிளப் 1873-இல் தொடங்கியது. கோடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-இல். ஊட்டி ஜிம்கானாவின் மைதானமும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவானதுதான். மலையை வெட்டிச் சமமாக்கும் இயந்திரம் எதுவும் அப்போது கிடையாது. மேடு இருந்த இடத்தில் மேடு, பள்ளம் இருந்த இடத்தில் பள்ளம் என்று நிலம் கொடுத்ததை வைத்துத்தான் குழிகளை அமைத்தார்கள். பழைய மைதானம் என்று நான் சொல்வது இந்தப் பொருளில்தான். வயது மட்டும் கணக்கில்லை.

அப்படிப்பட்ட நிலத்தை அளக்கும் கோலிடம் எனக்கு ஐந்து எதிர்பார்ப்புகள் இருக்கின்றன.

நிஜமாகவே வேறான குழிகளை வேறு என்று அது காட்ட வேண்டும், பெயரளவில் மட்டும் வேறானவற்றைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். அடுத்து, டீயில், அதாவது குழியின் முதல் அடியை அடிக்கும் இடத்தில், நிற்பவருக்கு யோசிக்க ஏதாவது இருக்கிறதா, இல்லை நேராக அடித்துவிட்டுப் போகவேண்டியதுதானா என்று சொல்ல வேண்டும். இந்த இரண்டும்தான் உயிர். மற்ற மூன்று: மழை, பனிமூட்டம், உறைபனி எல்லாம் மாறி மாறி வரும் ஊரில் ஒரே ஒரு நாளின் தோற்றத்தால் ஏமாறாமல் இருக்க வேண்டும். தூரமாக அடிக்க முடியாத வயதானவருக்கும் புதியவருக்கும் மைதானம் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். பணமும் நேரமும் கட்டுபடியாக வேண்டும்.

## முதல் வழி: ஸ்கோர் அட்டையை எண்ணுவது

இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கோல்ஃப் மைதான வடிவமைப்பில் பெரிய பெயர் அலிஸ்டர் மெக்கன்சி. படிப்பால் மருத்துவர். போர்க்காலத்தில் பதுங்குகுழிகளை எதிரியின் கண்ணுக்குப் படாமல் மறைக்கும் கலையைக் கற்று, அந்தக் கண்ணோடு மைதானம் அமைக்க வந்தவர். நல்ல மைதானத்துக்கு 13 இலக்கணங்களை அவர் 1920-இல் எழுதிவைத்தார். ஒரே அடியில் கிரீனை (கொடி நிற்கும் வழவழப்பான புல்தரையை) எட்டும் குழிகள் குறைந்தது நான்கு, ஒரு நீண்ட அடியும் ஒரு குட்டி அடியுமாக முடிகிற குழிகள் இரண்டு மூன்று, ஒன்பது ஒன்பதாக இரண்டு சுற்றுகள் என்று அவற்றில் சிலவற்றை அட்டையை வைத்தே சரிபார்த்துவிடலாம். ஐந்து நிமிஷம் போதும்.

அட்டையைப் பார்ப்பவர்கள் மொத்த நீளத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதை விடுங்கள். பார் 3 குழிகளின் நீளங்களை மட்டும் தனியாக எழுதிப் பாருங்கள். எல்லாமே 150 கஜத்தை ஒட்டி இருந்தால் நான்கு தடவையும் ஒரே அயர்னைத்தான் (இரும்புத் தலை மட்டை) பையிலிருந்து எடுக்கப்போகிறீர்கள். ஒன்று 120, ஒன்று 200 என்று பரவிக் கிடந்தால் நல்ல அறிகுறி. அப்புறம் பார் 4 குழிகள். அவற்றில் ரொம்பக் குட்டியானது ஒன்றாவது இருக்கிறதா? ஒரே நீளமுள்ளவை அடுத்தடுத்து வருகின்றனவா?

சமவெளி என்றால் இத்தோடு விட்டுவிடலாம். மலையில் அட்டை பொய் சொல்லும். அதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. பந்து கடல்மட்டத்தில் போவதைவிட சுமார் 8 சதவீதம் கூடுதலாகப் போகும். அதோடு ஏற்ற இறக்கம்: கிரீன் 3 அடி கீழே இருந்தால் தோராயமாக ஒரு கஜம் குறையும், மேலே இருந்தால் ஒரு கஜம் கூடும். இப்போது அட்டையில் 150 கஜம் என்று போட்ட இரண்டு குழிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 30 அடி இறக்கம். அது 140 கஜக் குழி. உயரத்துக்கான கழிவையும் போட்டால் 130 கஜத்துக்கான அடி போதும். இன்னொன்று 30 அடி ஏற்றம். அதே கணக்கில் கிட்டத்தட்ட 148 கஜத்துக்கான அடி வேண்டும். அட்டையில் இரட்டைப் பிள்ளைகள். ஆட்டத்தில் இரண்டு அயர்ன் வித்தியாசம்.

இதைத் திருப்பிப் போட்டால் இன்னும் மோசம். 140 கஜம், 30 அடி ஏற்றம். 160 கஜம், 30 அடி இறக்கம். இரண்டுக்கும் வரும் விடை 139 கஜம். அட்டையை எண்ணுபவர் "பாருங்க, எத்தனை விதம்!" என்பார். ஆடுகிறவர் இரண்டு இடத்திலும் அதே அயர்னை எடுத்து ஒரே மாதிரி ஆடிவிட்டுப் போவார்.

அட்டைக்குத் தெரியாதது இன்னும் நிறைய. குழி வலது பக்கம் வளைகிறதா, இடது பக்கமா? காற்று எந்தப் பக்கம்? கிரீன் எந்தப் பக்கம் சாய்கிறது? கலிஃபோர்னியாவில் பெப்பிள் பீச்சின் 7-ஆவது குழி வெறும் 106 கஜம்தான். அட்டையில் குழந்தை விளையாட்டு. கடற்காற்று எழும் நாளில் பெரிய ஆட்டக்காரர்களே எதை எடுப்பது என்று கையைப் பிசைகிறார்கள்.

இந்த வழிக்குப் பணச் செலவு கிடையாது. ஆனால் அட்டையை நம்பி முன்கூட்டியே ஒரு தீர்ப்போடு மலையேறுகிறவர், அந்தத் தீர்ப்புக்கு ஒத்துவருவதை மட்டும் பார்த்துவிட்டு இறங்குவார். நான் அப்படிச் சில வருஷங்களை வீணாக்கியிருக்கிறேன்.

## இரண்டாவது வழி: புகழ்பெற்ற மாதிரிக் குழிகளோடு ஒப்பிடுவது

ஸ்காட்லாந்து போய் வந்த நண்பரின் வழி இது. இதற்கும் பெரிய பரம்பரை உண்டு. சார்லஸ் பிளேர் மெக்டொனால்ட் என்ற அமெரிக்கர் இளமையில் செயின்ட் ஆண்ட்ரூஸில் படித்தவர். பிரிட்டனில் தான் பார்த்த சிறந்த குழிகளின் சாரத்தை எடுத்து, நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ் என்ற மைதானத்தை உருவாக்கினார். 1911-இல் அது முறையாகத் திறக்கப்பட்டது. மாதிரிக் குழி என்ற பேச்சு பரவியதற்கு அவரே முக்கியக் காரணம்.

அந்த மாதிரிகளில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். மூன்றும் ஸ்காட்லாந்துக் குழிகள்.

ரெடான்: நார்த் பெர்விக்கின் 15-ஆவது. பார் 3. கிரீன் குறுக்காகக் கிடக்கும், வலது முன்பக்கத்திலிருந்து இடது பின்பக்கத்துக்குச் சரியும். இடது முன்பக்கம் ஆழமான பங்கர், அதாவது மணல் பள்ளம். நேராகக் கொடியைக் குறிவைத்தால் பங்கரைத் தாண்ட வேண்டும். கிரீனின் வலது தோளில் பந்தை விழவைத்தால் தரையே அதை உருட்டிக்கொண்டு போய்க் கொடியருகே சேர்க்கும். கிரிமியப் போரில் செவஸ்தபோலில் இருந்த ஒரு கோட்டை அரணின் பெயர் இதற்கு வந்தது. முட்டி மோதினால் உடையாது, சுற்றி வந்தால் வழி கிடைக்கும்.

ஈடன்: செயின்ட் ஆண்ட்ரூஸின் 11-ஆவது. இதுவும் பார் 3. பின்னாலிருந்து முன்னால் செங்குத்தாகச் சாயும் கிரீன், முன்னால் காவலுக்கு நிற்கும் பங்கர்கள். இந்தக் குழியில்தான் 1921-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் பொறுமை இழந்து போட்டியிலிருந்தே விலகினார்.

ஆல்ப்ஸ்: பிரெஸ்ட்விக்கின் 17-ஆவது. இரண்டாவது அடியைக் கண்ணுக்குத் தெரியாத கிரீனை நோக்கி ஒரு மேட்டைத் தாண்டி அடிக்க வேண்டும்.

இவற்றைப் படித்தவர் கண்ணுக்கு ஒரு மொழி கிடைக்கிறது. "நல்ல குழி" என்று பொதுவாகச் சொல்வதை விட்டுவிட்டு, "இந்த கிரீன் குறுக்காகச் சரிகிறது, வலது தோளில் விழுந்தால் உருளும்" என்று காரணத்தோடு சொல்ல வரும். டீயில் யோசிக்க இடம் இருக்கிறதா என்ற கேள்விக்கு அட்டையால் வாய் திறக்க முடியாது. மாதிரி பதில் சொல்லும். இந்த வழியின் பெரிய பலம் அதுதான்.

ஆனால் ரெடானின் உயிர் இறுகிய தரையில் இருக்கிறது. கடலோர மணல் நிலம், மழை பெய்தாலும் சீக்கிரம் வடியும், பந்து உருளும். நம் மலைகளில் பரவிக் கிடப்பது கிக்கூயு புல். தடிமனாக, மெத்தைபோல வளரும். விழுந்த பந்தைப் பிடித்து உட்காரவைத்துவிடும். மழை மாதத்தில் கேட்கவே வேண்டாம். அச்சு அசலாக ரெடான் வடிவத்தில் ஒரு சரிவு இருந்தாலும் ஆகஸ்டில் அங்கே உருட்டி விளையாட முடியாது, வலது தோளில் விழுந்த பந்து அங்கேயே நிற்கும். அதே சரிவில் மழை விட்டு நிலம் காய்ந்த பிப்ரவரியில் பந்து உருளலாம். ஆக, மாதிரியோடு ஒப்பிடுவதென்றால் மாதத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆல்ப்ஸ் விஷயத்தில் நேர் எதிர்ச் சிக்கல். கண்ணுக்குத் தெரியாத கிரீன் அங்கே அபூர்வம், அதனால் புகழ். மலையில் அது மலிவு. ஒவ்வொரு மேட்டுக்கும் "ஆஹா, ஆல்ப்ஸ்" என்று மதிப்பெண் போட்டால் கணக்கு தப்பும். கிரீனை நோக்கி அடிக்கும் அடிகளில் குருட்டடி மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பது மெக்கன்சியின் இலக்கணங்களில் ஒன்று. என் கணக்கு இது: 18 குழிகளில் அப்படி ஒன்றோ இரண்டோ வந்தால் சுவை. ஐந்து வந்தால் கேடி இல்லாமல் ஆட முடியாத மைதானம்.

மறைமுகச் செலவு கிளப்புகளுக்குத்தான் அதிகம். மாதிரி மோகம் பிடித்த ஒரு குழு, இருக்கிற குழியை அந்த அச்சில் வார்க்கக் கிளம்பினால் ஆழமான பங்கர் தோண்ட வேண்டும். களிமண் கலந்த மண்ணில், இந்த மழையில், அது குட்டையாக நிற்கும். மணலைக் கீழேயிருந்து ஏற்ற வேண்டும், வடிகால் போட வேண்டும், வருஷா வருஷம் சரிசெய்ய வேண்டும். நிலம் தானாகக் கொடுத்திருக்கும் சரிவே பங்கரின் வேலையைச் செய்யும் இடத்தில் இத்தனை பாடு எதற்கு?

## மூன்றாவது வழி: பையில்லாமல் நடப்பது

என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதற்குள் தெரிந்திருக்கும். பெரியவர் சொன்னபடி நான் செய்து பார்த்தேன். கிளப்பில் அனுமதி கேட்டு, ஆட்டம் ஓய்ந்த ஒரு மதியத்துக்குப் பிறகு, அவரையே கூட்டிக்கொண்டு போனேன். "அண்ணே, எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?" என்றேன். முதல் டீக்குப் போகவில்லை அவர். கடைசி கிரீனுக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து பின்னோக்கி நடக்கவைத்தார்.

பின்னோக்கி நடந்தால் எல்லாம் விளங்குகிறது. கிரீனில் நின்று டீயைப் பார்த்தால், எந்தப் பக்கத்திலிருந்து வரும் பந்தை இந்தச் சாய்வு ஏற்றுக்கொள்ளும், எதைத் தள்ளிவிடும் என்பது உடனே தெரியும். அந்தப் பக்கத்துக்கு ஃபேர்வேயில் (டீக்கும் கிரீனுக்கும் நடுவே குட்டையாக வெட்டிய புல்வெளி) எங்கே நிற்க வேண்டும் என்று தேடிக்கொண்டே போனால், அந்த இடத்துக்கு அருகில் ஏதாவது ஓர் ஆபத்து காத்திருக்கும். அப்படிக் காத்திருந்தால் அது யோசித்து அமைத்த குழி. நல்ல இடத்தில் எந்த ஆபத்தும் இல்லாமல், யாரும் போகாத மூலையில் பங்கர் கிடந்தால் அது அலங்காரம்.

ஒவ்வொரு குழியிலும் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த அடி சுலபமாக எங்கே நிற்க வேண்டும்? அங்கே போக எதைத் தாண்ட வேண்டும்? தாண்ட முடியாதவருக்கு, ஓர் அடி கூடினாலும் பரவாயில்லை என்று சுற்றிப் போக வழி உண்டா? மூன்றாவதுக்கு "இல்லை" என்ற பதில் பல குழிகளில் வந்தால், இளைஞர்களுக்கு மட்டுமான மைதானம் அது. என் மாமாவைப் போல எழுபதைத் தாண்டியும் ஆடுகிறவர்கள் இந்த மலைகளில் நிறைய இருக்கிறார்கள். அவர்களைக் கைவிடும் மைதானத்தை நான் நல்ல மைதானம் என்று சொல்ல மாட்டேன்.

நடந்தால் மட்டும் தெரியும் இன்னொன்று, மரங்கள். வெட்டவெளிப் புல்மேடாக இருந்த இந்த மலைகளில் யூகலிப்டஸும் சீகையும் (வாட்டில் மரம்) பைனும் வெளியிலிருந்து வந்து வளர்ந்தவை. டீக்குப் பக்கத்தில் நட்ட கன்று ஐம்பது வருஷத்தில் ஃபேர்வேயின் ஒரு பாதியை மறைத்துவிடும். இரண்டு வழி இருந்த குழி ஒரு வழிக் குழியாகிவிடும். அட்டையில் ஒரு கஜம்கூட மாறியிருக்காது. ஃபேர்வேயின் ஓரத்தில் நின்று, "இந்த மரம் இல்லையென்றால் இங்கிருந்து கிரீன் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஊட்டிப் பக்கம் மஞ்சள் பூப் பூக்கும் கோர்ஸ் புதரும் அப்படித்தான். கண்ணுக்கு அழகு. உள்ளே போன பந்தைத் தேடினால் கையெல்லாம் முள். பந்து தேடும் எரிச்சலே இருக்கக் கூடாது என்பதும் மெக்கன்சியின் 13-இல் ஒன்று. கோடைக்கானலில் காட்டுமாடுகள் மைதானத்துக்குள் சாவகாசமாக வந்து மேயும். அவை எந்த அட்டையிலும் இல்லாத தடை. விலகி நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. கிரீனில் பதிந்த குளம்புத் தடத்தை 2019 முதல் விதிப்படியே சரிசெய்துகொள்ளலாம்.

இந்த வழியிலும் ஓட்டைகள் உண்டு. ஒன்று நேரம். 18 குழிகளையும் முழுதாக நடக்க அரை நாள் போகும், கால் கெஞ்சும். இரண்டு, அழகு ஏமாற்றும். மேகம் கீழே மிதக்கும் டீயில் நின்றால் சாதாரணக் குழியும் அற்புதமாகத் தோன்றும். அதற்கு நான் கண்ட மருந்து: அன்று இரவு தாளும் பேனாவும் எடுத்து, 18 குழிகளையும் நினைவிலிருந்து வரையுங்கள். காட்சியை வரையக் கூடாது, பந்து போகும் வழியை வரைய வேண்டும். வழி நினைவுக்கு வராமல் காட்சி மட்டும் நினைவுக்கு வரும் குழிகளுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. இரண்டு குழிகளின் படங்கள் ஒன்றுபோலவே வந்தால் அங்கேயும் ஒன்று. மூன்று, பருவம். மூட்டத்தில் நடந்தால் பாதி மைதானத்தைத்தான் பார்த்திருப்பீர்கள்.

## ஒரே பார்வையில்

| | ஸ்கோர் அட்டை | மாதிரிக் குழிகள் | பையில்லா நடை |
|---|---|---|---|
| நிஜ வித்தியாசத்தைக் காட்டுமா | சமவெளியில் ஓரளவு. மலையில் ஏமாற்றும் | சில குழிகளில் மட்டும் | நன்றாகக் காட்டும் |
| டீயில் யோசனை உண்டா என்று சொல்லுமா | சொல்லாது | நன்றாகச் சொல்லும் | நன்றாகச் சொல்லும் |
| பருவத்தால் ஏமாறுமா | ஏமாறாது, பருவமே அதற்குத் தெரியாது | ஈரத் தரையில் ஏமாறும் | மூட்டத்தில் ஏமாறும் |
| வயதானவர், புதியவர் நிலை | முன் டீயின் நீளம் மட்டும் | சொல்லாது | மூன்றாவது கேள்வி சொல்லும் |
| நேரம் | ஐந்து நிமிஷம் | பல மாதப் படிப்பு | அரை நாள் |
| மறைமுகச் செலவு | முன்தீர்ப்பு | இல்லாததைக் காண்பது, தோண்டும் ஆசை | கால்வலி, அழகில் மயங்குவது |

## உங்களுக்கு எது

வருஷத்துக்கு ஒரு நாள் வருகிறவர் அட்டையிலிருந்து தொடங்கலாம். பார் 3 நீளங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆடும்போது கேடியிடம் ஒவ்வொரு பார் 3-லும் ஏற்றம் எத்தனை, இறக்கம் எத்தனை என்று கேட்டு அட்டையிலேயே திருத்தி எழுதுங்கள். ஆட்டம் முடிவதற்குள் அது உண்மை பேசும் அட்டையாகிவிடும்.

கிளப் குழுவில் இருந்துகொண்டு மரம் வெட்டுவதா, பங்கர் போடுவதா என்று முடிவெடுக்கப் போகிறவருக்கு மாதிரிகளைப் பற்றிய படிப்பு அவசியம், நடை அதைவிட அவசியம். ஈர மாதத்தில் ஒன்று, காய்ந்த மாதத்தில் ஒன்று என்று குறைந்தது இரண்டு நடை. படிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மண்வெட்டியைத் தூக்க வேண்டாம்.

புதிதாக ஆடக் கற்பவர் நேராக நடைக்குப் போய்விடலாம். அட்டை பயமுறுத்தும், மாதிரி குழப்பும்.

சரி, எந்த மைதானம் என்ற பழைய கேள்வி. நான் மாதத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். தென்மேற்குப் பருவமழை ஊட்டியை ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நனைக்கும். குன்னூர், வெலிங்டன் பக்கமும் கோடைக்கானலும் வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர், நவம்பரில் நன்றாக வாங்கிக்கொள்ளும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் விடியற்காலை உறைபனி. உறைந்த கிரீனை மிதித்தால் புல் கருகும், உருகும்வரை காத்திருக்க வேண்டும். ஏப்ரல், மேயில் கூட்டம். 2024 மே முதல் நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு வேண்டும். எனக்குப் பிடித்தது பிப்ரவரி. தரை காய்ந்திருக்கும், பந்து உருளும், குழிகள் தங்கள் சுயரூபத்தைக் காட்டும். அந்த மாதத்தில் கோவையிலிருந்து வருகிறவர் வெலிங்டனில் ஒரு நாள், ஊட்டியில் ஒரு நாள் என்று இரண்டையும் பார்த்துவிடலாம், இடையில் இருபது கிலோமீட்டர்தான். மதுரைக்காரர் கோடைக்கானலில் இரண்டு நாள் தங்கி, முதல் நாள் நடந்து, இரண்டாம் நாள் ஆடலாம். வெளியாட்களுக்கு எந்தெந்த நாள் இடம் தருகிறார்கள் என்று கிளப்பில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நடக்கப் போகும் நாளில் வயதான கேடி ஒருவரைத் துணைக்குக் கேளுங்கள். அன்று தூக்கப் பை இருக்காது. இருந்தாலும் 18 குழிக்கான முழுக் கூலியையும் கொடுத்துவிடுங்கள்.